பதினான்காவது வரி

ரத்தினவேல் தன் மனைவியை என் கண் முன்னால் அடித்தது என் எஸ்டிமேட்டின் பதினான்காவது வரிக்காக.

வீட்டுக்கு அப்போது பூச்சு வேலைகூட முடியவில்லை. திண்டுக்கல் பைபாஸை ஒட்டிப் புதிதாக முளைத்த நகர் அது. குழாய் பதிக்கச் சுவரில் எங்கெங்கே வெட்ட வேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, அடுக்கி வைத்த சிமெண்டு மூட்டைமேல் எஸ்டிமேட்டை விரித்திருந்தேன். நான் இன்னாசி, ஒயரிங் கான்ட்ராக்டர். இருபத்திரண்டு வருஷத் தொழில். ரத்தினவேலுக்கு வெங்காயப் பேட்டையில் கமிஷன் மண்டி. அவர் மனைவி சுகந்தி கல்யாணத்துக்கு முன்பு கணக்கு டீச்சராக இருந்தவள். மொத்தம் ஆறு லட்சத்து நாற்பதாயிரம் போட்டிருந்தேன். அதை ஐந்துக்குள் இறக்கியே தீருவது என்று பேனாவோடு குனிந்திருந்தார் ரத்தினவேல்.

“அடுப்படியில எதுக்குய்யா நாலு லைட்டு? ஒண்ணு போதும். தையல் மிஷின் ரூமுக்கு ஒண்ணு. மூணு லைட்டைப் போட்டு இவ என்ன விமானமா தைக்கப் போறா?”

“சரவிளக்கை வெட்டினா ஒரேயடியா அறுபதாயிரம் குறையும்ண்ணே.”

“போர்டிகோ சரவிளக்குல கை வைக்காத. வர்றவன் போறவன் பாக்குறதே அதைத்தான்.”

என் பங்குக்கு நானும் யோசனை சொன்னேன். “ஸ்டோர் ரூமுக்குக் கண் விளக்கு வேணாம்ண்ணே, தண்டச்செலவு. என் வீட்டுலகூட நான் போடல.”

அந்த வருஷம் ஊரே கண் விளக்குப் பைத்தியம் பிடித்து அலைந்தது. வெங்காயம் ஆளில்லா லாரியில் வந்து இறங்கும் காலத்தில் சுவிட்சைத் தட்டி விளக்குப் போடுவது கேவலம் என்று ஆகிவிட்டது. ஆள் வந்தால் எரிந்து, போனால் அணைந்து, படித்தால் வெளுத்து, படுத்தால் மஞ்சளாகும் விளக்குகள். ஐம்பது வீட்டுக்கு மாட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், முக்கால்வாசி பேருக்கு அது பக்கத்து வீட்டுக்காரனின் வயிற்றெரிச்சலுக்காகத்தான்.

ரத்தினவேலின் பேனா பதினான்காவது வரியில் நின்றது. “காவல் திறப்பு பன்னெண்டாயிரம், பழக்கும் செலவு இருபத்தாறாயிரம். இது என்னய்யா எழவு?”

“விளக்குக்குள்ள சின்னதா ஒரு ரேடார் இருக்குண்ணே. கேமரா இல்ல, படம் புடிக்காது. ஆள் எங்க நிக்கிறாரு, எப்படி அசையுறாரு, நெஞ்சு எவ்வளவு வேகமா அடிக்குது, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். காவலைத் திறந்துவிட்டா இன்னும் ஒண்ணு செய்யும். வீட்டுக்குள்ள யாராவது யாரையாவது அடிச்சா மொத்த வீடும் பளீர்னு வெள்ளையா எரியும். போலீசுக்குத் தகவல் போயிரும்.”

“என் வீட்டுக்குள்ள எவன்யா வந்து அடிக்கப் போறான்?” சிரித்துக்கொண்டே அந்த வரியின்மேல் கோடு இழுத்தார்.

அதுவரை வாயே திறக்காத சுகந்தி சொன்னாள்: “அது இருக்கட்டுங்க. அடுப்படியில ஒரு லைட்டும் வேணாம். இது மட்டும் இருக்கட்டும்.” சொன்னதோடு நிற்காமல் என் கையிலிருந்த பேனாவை வாங்கி, அடித்த வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டாள்.

அறை விழுந்தது. வலது கையில் அவர் போட்டிருந்த நவரத்தின மோதிரம் அவளுடைய இடது கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போனது. அவள் தள்ளாடி நிமிர்வதற்குள் இன்னொன்று. செங்கல் குவியல்மேல் விழுந்தாள். “எவன் அடிப்பான்னுடி காவல் கேக்குற? சொல்லுடி!” என்று இடுப்பில் மிதித்தார். ரத்தம் எஸ்டிமேட்டில் சொட்டியிருந்தது. அவர் துண்டை எடுத்து முதலில் அந்தக் காகிதத்தைத்தான் துடைத்தார்.

“அஞ்சுக்குள்ள முடிச்சுக் குடு, இன்னாசி.”

எனக்கு ரத்தம் கொதித்தது. கோபக்காரன் நான், ஊருக்கே தெரியும். அந்த இடத்திலேயே அவர் கையை முறித்துப் போட்டிருக்க வேண்டும். ஐந்து லட்ச ரூபாய் வேலை கையை விட்டுப் போய்விடுமே என்று மரம் மாதிரி நின்றேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. மீன் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி ஜெசிந்தாவிடம் சொன்னேன்: “பொம்பளைய அடிக்கிறவனெல்லாம் ஒரு ஆம்பளையா?”

அவளுக்கு வலது காது மந்தம். இடது காதை என் பக்கம் திருப்பி, “என்ன சொன்னீங்க?” என்றாள். மறுபடியும் சொன்னேன். “ஆமா,” என்று சொல்லிவிட்டு மீன் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஐந்து மாதத்தில் வீடு முடிந்தது. பால் காய்ச்சும் நாளில் கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் ஒயர்மேனுக்கும் வேட்டி துண்டு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மேளச் சத்தத்துக்கு நடுவில் சுகந்தி தாம்பூலத் தட்டை நீட்டினாள். எனக்கு எல்லாமே இடது கைதான், எழுதுவது, சுத்தியல் பிடிப்பது எல்லாம். பழக்கதோஷத்தில் இடது கையை நீட்டிவிட்டு, சட்டென்று இழுத்துக்கொண்டு வலது கையால் வாங்கினேன். கொத்தனார் சிரித்தார். சுகந்தி சிரிக்கவில்லை.

“துண்டுக்கு அடியில முப்பத்தெட்டாயிரம் இருக்குண்ணே. ஒரு வளையலை வித்தேன். அந்தப் பதினாலாவது வரி. பில்லுல காட்டாம செஞ்சு குடுங்க.”

கன்னத்தில் மஞ்சளைக் கொஞ்சம் அழுத்திப் பூசியிருந்தாள், தழும்பு தெரியாமல் இருக்க.

“செஞ்சிரலாம்மா. ஆனா அது பொறந்த புள்ள மாதிரி. எது அடி, எது துணி உதறுறதுன்னு அதுக்குத் தெரியாது. பழக்காம விட்டா கொசு பேட்டைச் சுத்துனாக்கூட எரியும். கம்பெனியிலருந்து ரெண்டு பேர் வருவாங்க. மூணு நாள் வீட்டுல இருந்து, அடிக்கிற மாதிரி, விழற மாதிரி, ரெண்டு கையாலயும், எல்லா ரூம்லயும் செஞ்சு காட்டுவாங்க. அதுக்குத்தான் இருபத்தாறாயிரம்.”

“வர்ற வாரம் அவரு நாசிக் போறாரு, வெங்காயம் பாக்க. அஞ்சு நாள் ஆகும்.”

“அப்ப முடிச்சிருவோம்.”

நல்ல எண்ணத்தோடுதான் சொன்னேன், மாதா சத்தியமாக. ஆனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டில் உட்கார்ந்து விளக்குகளுக்குச் சொல்லிக் கொடுத்ததை அப்படியே அடுத்த வீட்டுக்கு ஏற்றிவிடுவோம். பதினைந்து நிமிஷ வேலை. படுக்கையறை எத்தனை மணிக்கு மஞ்சளாக வேண்டும் என்பதற்கெல்லாம் அது போதும். காவலுக்கு அப்படிச் செய்யக் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் புத்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். போட்டிருந்தால் என்ன? அதற்கு முன்பே நாற்பத்தொரு வீட்டில் நான் அப்படித்தான் ஏற்றியிருந்தேன். பழகிய காவல் ஒன்று என்னிடம் ஏற்கனவே இருந்தது. என் வீட்டில் பழகியது. டீலர் என்று எனக்குச் சும்மா கொடுத்த விளக்குகள், இரண்டு வருஷமாக அங்கே எரிகின்றன. எப்படிப் பழகியது என்பதற்கு அப்புறம் வருகிறேன். அவசரப்படாதீர்கள்.

ரத்தினவேல் நாசிக் போன மறுநாள் காலையில் நான் தனியாகப் போனேன்.

“கம்பெனி ஆளுக வரலையாண்ணே?”

“புது முறை வந்திருச்சும்மா. வேற வீட்டுல பழக்குனதை அப்படியே ஏத்திரலாம்.”

கணக்கு டீச்சர் இல்லையா, விடவில்லை. “அந்த வீட்டுல யாரு செஞ்சு காட்டுனது?”

“நம்ம ஆளுகதான்.”

ஏற்றி முடித்தேன். “ஒரு தடவை காட்டுங்கண்ணே,” என்றாள். தகவல் போவதை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு, அவளை ஹால் நடுவில் நிற்கச் சொன்னேன். கையை ஓங்கிக்கொண்டு ஒரே எட்டில் பாய்ந்தேன். அவள் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினேன். அவ்வளவுதான். போர்டிகோவிலிருந்து மாடி வரை அத்தனை விளக்கும் பளீரென்று வெள்ளையாக எரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு நடுங்கி நின்றவள், மெல்லத் திறந்து மேலே பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“எவ்வளவு நம்பலாம்ண்ணே இதை?”

“கையை ஓங்குனாலே போதும்மா. பயப்படாம இருங்க.”

அந்த இருபத்தாறாயிரத்தில் ஜெசிந்தாவுக்கு ஒரு ஜோடி தோடு வாங்கினேன். அந்த வாரம் அவளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குச் சுகந்தி என் கடைக்குள் வந்தாள். ஆளே அடையாளம் தெரியவில்லை. இடது கண் முழுக்க வீங்கி மூடியிருந்தது. உதடு பிளந்து காய்ந்த ரத்தம். இடது கையில் மாவுக்கட்டு. பல்பு பெட்டிகளை எடுத்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

“லைட்டு எரியலண்ணே,” என்றாள்.

“நெட்டு கட்டாயிருக்கும்மா...”

“நெட்டு இருந்துச்சு. லைட்டும் இருந்துச்சு. எப்பவும் போல மஞ்சளா எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.” அவள் குரல் உயரவே இல்லை. “முன்னாடியெல்லாம் அவரு கத்துனா நான் பேசாம ஒதுங்கிருவேன். ரெண்டு அடியோட விட்டுருவாரு. இந்தத் தடவை எதிர்த்துப் பேசுனேண்ணே. திரும்ப ஸ்கூலுக்கு வேலைக்குப் போறேன்னு சொன்னேன். அடிச்சுப் பாருன்னு சொன்னேன். நீங்க நம்பச் சொன்னீங்களேன்னு. அவரு அடிக்க அடிக்க நான் தடுக்கக்கூட இல்ல. லைட்டையே பாத்துக்கிட்டு நின்னேன். இந்தா எரியப் போகுது, இந்தா எரியப் போகுதுன்னு. பதினோரு அடி எண்ணுனேன். அப்புறம் கையை முறுக்கி ஒடிச்சாரு.”

அவளுடைய போனை வாங்கி வீட்டுக் கணக்கைத் திறந்து பார்த்தேன். இரண்டு மாதத்தில் நடந்த தாக்குதல்: பூஜ்யம்.

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ளப் பிடிக்கவில்லை. கோபம்தான் வந்தது. ஆத்திரம் வந்துவிட்டால் யோசிக்க வேண்டியதில்லை, அதில் ஒரு வசதி இருக்கிறது.

“சர்டிபிகேட்டை எடுத்துக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போறேண்ணே. தனியா உள்ள போகப் பயமா இருக்கு. நீங்க வாசல்ல நின்னா போதும்,” என்றாள். வண்டியை எடுத்தேன்.

மத்தியானம் ஒரு மணி. அந்த நேரத்தில் ரத்தினவேல் மண்டியில் இருப்பான் என்று நினைத்திருந்தோம். (இனி அவனுக்கு என்ன மரியாதை.) சாப்பிட வந்திருக்கிறான். அவள் உள்ளே போய் இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, பாத்திரங்கள் சிதறும் சத்தம் கேட்டது. ஓடினேன்.

அடுப்படியில் அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான். ஒரு மோது, இன்னொரு மோது. நெற்றி பிளந்து ரத்தம் மூக்கு வழியாக இறங்கியது. நான் மேலே பார்த்தேன். ஒற்றை விளக்கு, ஒன்றும் நடக்காத மாதிரி அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. அவளைத் திருப்பி வலது கையால் ஓங்கி அறைந்தான். விளக்கு அசையவில்லை. மாவுக்கட்டுப் போட்ட கையைப் பிடித்து மேடையில் அடித்தான். அவள் அலறினாள். விளக்கு அப்படியே இருந்தது.

“விடுடா அவளை!”

திரும்பி என் வாயிலேயே ஒரு குத்து விட்டான். பல் ஒன்று ஆட்டம் கண்டது. அதற்கும் எரியவில்லை.

அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இடது கையால் ஒன்று விட்டேன். பளீரென்று வீடு முழுக்க வெள்ளையானது.

பகல் ஒரு மணி வெயிலையும் மீறிக் கண் கூசியது. அவன் மிரண்டு அண்ணாந்து பார்த்தான். நான் விடவில்லை. மூக்கில் ஒன்று. எலும்பு நொறுங்குவது கையில் தெரிந்தது. கீழே தள்ளி ஏறி உட்கார்ந்து கன்னத்தில், காதில், மறுபடியும் காதில். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது பிடித்திருந்தது. ஏழு மாதக் கோபம் எல்லாம் கையில் இறங்கியது. அடிக்கு அடி வெளிச்சம் ஏறிக்கொண்டே போனது. அவன் வாயிலிருந்து நுரையும் ரத்தமும் வந்தது. செத்தே போயிருப்பான், சுகந்தி மட்டும் பேசாமல் இருந்திருந்தால்.

“அண்ணே.”

தரையில் கால் நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள். அவள் ரத்தினவேலைப் பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்தாள், பிறகு ஓங்கி நின்ற என் இடது கையைப் பார்த்தாள்.

“அன்னைக்கும் இந்தக் கையைத்தான் ஓங்குனீங்க. இது உங்க கைக்குத்தான் எரியுது.”

கை தானாக இறங்கிவிட்டது. வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றது. விளக்குதான் கூப்பிட்டிருந்தது.

மகளிர் காவல் நிலையத்தில் ரத்தினவேல் மூக்கில் பஞ்சோடு உட்கார்ந்து சத்தமாகப் பேசினான். “வீடு புகுந்து அடிச்சான் மேடம். லைட்டே சாட்சி. இவளா? இவ படியில விழுந்தா. நான் அடிச்சிருந்தா லைட்டு எரிஞ்சிருக்கணும்ல?”

இன்ஸ்பெக்டர் அம்மா விளக்குக் கணக்கைப் பார்த்தார். அதில் ஒரே ஒரு தாக்குதல் இருந்தது. வெளியாள் ஒருவன் வீட்டுக்காரரை ஏழு முறை அடித்திருக்கிறான். அதற்கு முன் ஒன்றுமே இல்லை. நெற்றியில் தையலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுகந்தியைப் பார்த்துவிட்டு, கம்பெனிக்குப் போன் போட்டார். சாயங்காலம் நான்கு மணிக்கு மதுரையிலிருந்து அகல்யா என்ற இன்ஜினியர் பெண் வந்தாள். டேப்லெட்டில் வீட்டு விளக்குக் கணக்கை அரை மணி நேரம் அலசினாள்.

“இந்த வீட்டுல யாரும் பழக்கவே இல்ல மேடம். வேற எங்கயோ பழகுனதை ஏத்தியிருக்காங்க. இது எல்லா அடியையும் பாக்காது. பழகுன கையைத்தான் பாக்கும். இது பழகினது ஒரே ஒரு ஆளோட இடது கைக்கு.” என் பக்கம் திரும்பினாள். “யாரோடது சார்?”

“ஒரு கொத்தனாரை வச்சு, சும்மா அடிக்கிற மாதிரி...”

“நடிச்சா நெஞ்சு இப்படி அடிக்காது சார்.” அவள் முகம் கறுத்திருந்தது. “அறுபத்தொரு தடவை. அடிச்சது ஒரே ஆம்பளை, வாங்குனது ஒரே பொம்பளை. எல்லாம் வலது பக்கம், கன்னமும் காதும். அடி விழுறதுக்கு ரொம்ப முன்னாடியே அந்தம்மாவோட நெஞ்சு ஓட ஆரம்பிச்சிருது. அந்த ஆளு வாசல்ல கால் வைக்கும்போதே ஓடுது. எத்தனை வீட்டுக்கு இதை ஏத்துனீங்க?”

“நாப்பத்திரண்டு.”

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சுகந்தி என்னைப் பார்த்தாள். அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். தப்பாகப் போட்ட கணக்கைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

“இந்தம்மா கேசுக்கு ஏதாவது வழி இருக்காம்மா?” என்று அகல்யாவிடம் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“இருக்கு மேடம். விளக்கு பாத்த அசைவெல்லாம் தொண்ணூறு நாளைக்கு அழியாது. அது அடின்னு அதுக்குத் தெரியல, அவ்வளவுதான். இந்த இடது கையைக் கண்ணாடியில பாக்குற மாதிரி வலதா மாத்தி, இவங்க வீட்டுக் கணக்கு மேல ஓட்டுனா, பதினோரு அடியும் தேதியோட வந்துரும். ஆனா கோர்ட்டுல நிக்கணும்னா, பழக்குனது நிஜமான அடிதான்னு ஒருத்தர் எழுதிக் குடுக்கணும். அடிச்சவரு, இல்லன்னா அடி வாங்குனவங்க.”

கையெழுத்துப் போட்டால் ரத்தினவேல் உள்ளே போவான். அதே காகிதத்தில் நானும் போவேன். போடாவிட்டால் சுகந்தி படியில் விழுந்தவள்தான். ஒன்று சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ரத்தினவேலும் நானும் ஒன்று என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அவன் கண்டவர் முன்னால் அடிக்கிறவன், மிருகம். நான் கோபக்காரன், அவ்வளவுதான். அடித்துவிட்டால் ஏதாவது வாங்கிக் கொடுத்துவிடுவேன். என் வீட்டு விளக்கிலிருந்து தகவல் போவதை முதல் நாளே துண்டித்திருந்தேன். கொசு பேட்டுக்கு எரிந்தால் ‘அடி இல்லை’ என்று போனில் அழுத்தி அணைப்பேன், என் கைக்கு எரிந்தால் அப்படியே விட்டுவிடுவேன், அப்படித்தான் அது பழகியது. வெள்ளையாக எரியும், அணையும், நானும் ஜெசிந்தாவும் சாப்பிட உட்கார்ந்துவிடுவோம்.

எனக்கு ஜாமீன் கொடுக்க ஜெசிந்தாவை வரச் சொல்லியிருந்தார்கள். ஆட்டோவில் வந்து இறங்கினாள். காதில் தோடு இல்லை. என் உதட்டில் இருந்த ரத்தத்தைப் பார்த்து, “ஐயோ, என்ன ஆச்சு?” என்று பதறிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். இன்ஸ்பெக்டர் நடந்ததைச் சொன்னார். சுகந்தியைப் பற்றி, நாற்பத்திரண்டு வீட்டைப் பற்றி, அறுபத்தொன்றைப் பற்றி. ஜெசிந்தா இடது காதைத் திருப்பி முழுவதையும் கேட்டாள். சுகந்தியின் நெற்றித் தையலை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“உங்க வாக்குமூலத்தை எழுதுங்க இன்னாசி,” என்று இன்ஸ்பெக்டர் காகிதத்தைத் தள்ளினார்.

கொத்தனார் கதையையே எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்துச் சுகந்திக்கு ஏதாவது பணம் கொடுத்து உதவலாம். மேஜையின் அந்தப் பக்கம் இருந்த பேனாவை எடுக்க இடது கையைச் சட்டென்று தூக்கினேன்.

பக்கத்தில் நின்ற ஜெசிந்தா குனிந்து, முழங்கையால் வலது காதை மூடிக்கொண்டாள்.

ஒரு நொடிதான். உடனே நிமிர்ந்து, முடியை ஒதுக்குகிற மாதிரி கையைக் கீழே கொண்டுவந்தாள். ஆனால் இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார், அகல்யா பார்த்துவிட்டாள், ரத்தினவேல்கூடப் பார்த்தான். பார்த்துவிட்டு, பஞ்சு வைத்த மூக்கால் சிரித்தான். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அகல்யா எழுந்து, என் முன்னால் இருந்த காகிதத்தை எடுத்து ஜெசிந்தாவின் முன்னால் வைத்தாள்.

“வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம், ஜெசிந்தா,” என்றேன் மெதுவாக.

அவள் இடது காதை என் பக்கம் திருப்பினாள். “என்ன சொன்னீங்க?”

மறுபடியும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் பேனாவை எடுத்தாள். சுண்டுவிரல் கோணலாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, போன வருஷத்துப் பொங்கலிலிருந்து அது அப்படித்தான். ஒவ்வொரு எழுத்தாக, ஜெசிந்தா இன்னாசி என்று முழுப் பெயரையும் எழுதினாள். சுகந்தி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

“அறுபத்தொரு தடவைன்னு எழுதிக்கலாமாம்மா?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

ஜெசிந்தா பேனாவை மூடி வைத்தாள்.

“அதுக்கு மேலயே இருக்கும் மேடம். ஸ்டோர் ரூம்ல நடந்ததெல்லாம் அதுல வந்திருக்காது. அங்க அந்த லைட்டு இல்ல. தண்டச்செலவுன்னு இவருதான் வேணாம்னுட்டாரு.”